ஆங்கில நாளிதழைப் பிரித்துப் படிப்பது எப்படி?

தமிழ் நாளிதழ் ஒன்றின் மொழிபெயர்ப்பு மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலச் செய்தி படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். உற்சாகமாகத் தொடங்கி, முதல் பக்கத்திலேயே இருபது சொற்களுக்கு அகராதி புரட்டி, மூன்றாம் நாள் தாளை மடித்து வைத்துவிட்டார்கள். அகராதி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: சொல்லைப் பிரித்துப் பார்ப்பது. பள்ளித் தமிழ் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியவர்களுக்கு இது புதிய வேலையே கிடையாது. 'படித்தான்' என்பதைப் படி, த், த், ஆன் என்று வெட்டிக் காட்டி மதிப்பெண் வாங்கிய அதே கத்திதான் இங்கும் வேண்டும்.

முதல் படி: தெரிந்த செய்தியில் தொடங்குங்கள், தலைப்பைக் கடைசியில் படியுங்கள்

ஆங்கில நாளிதழில் இரண்டு ஆங்கிலங்கள் இருக்கின்றன. தலைப்பின் ஆங்கிலம் ஒன்று, செய்தியின் ஆங்கிலம் இன்னொன்று. புதியவர்கள் தலைப்பில் தொடங்கி அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். தலைப்பை விட்டுவிட்டு முதல் பத்திக்குப் போங்கள். யார், என்ன, எங்கே, எப்போது என்பதெல்லாம் அங்கே முழு வாக்கியமாக, முழு இலக்கணத்தோடு இருக்கும். செய்தியறையில் இதை 'இன்ட்ரோ' என்போம். முக்கியமானது மேலே, மற்றவை போகப் போகக் கீழே என்று தலைகீழ்ப் பிரமிடு வடிவத்தில் செய்தி எழுதப்படுவதால், முதல் மூன்று பத்தியோடு நிறுத்தினாலும் விஷயம் கையில் இருக்கும். அதன் பிறகு தலைப்புக்குத் திரும்புங்கள். பூட்டியிருந்தது தானாகத் திறக்கும்.

எந்தச் செய்தியை எடுப்பது? தமிழ் நாளிதழில் காலையில் படித்துவிட்ட செய்தியையே எடுங்கள். மேட்டூர் அணைச் செய்தியைச் சொல்லலாம். குறுவைக்காக ஜூன் 12 அன்று அணையைத் திறப்பது வழக்கம் என்றும், முழு நீர்மட்டம் 120 அடி என்றும் உங்களுக்குத் தெரியும். ஆகவே ஆங்கிலத்தில் 'இன்ஃப்ளோ' என்று பார்த்தவுடன் நீர்வரத்து என்றும் 'அவுட்ஃப்ளோ' என்றால் வெளியேற்றம் என்றும் அகராதி இல்லாமலே பிடிபடும். 'ஃப்ளோ' பகுதி, 'இன்', 'அவுட்' முன்னொட்டுகள். நாம் நாள்தோறும் கேட்கும் 'கியூசெக்' என்பதைப் பிரித்திருக்கிறீர்களா? 'கியூபிக்' என்பதன் தலையும் 'செகண்ட்' என்பதன் தலையும் ஒட்டிய சொல் அது: விநாடிக்கு ஒரு கனஅடி. ஒரு மாதம் ஒரே செய்தியைப் பின்தொடர்ந்தால், அதற்குரிய ஐம்பது அறுபது சொற்கள் திரும்பத் திரும்ப வந்து மனத்தில் உட்கார்ந்துவிடும். பத்து வகைச் செய்திகளை ஒரே நாளில் மேய்வதைவிட இதுதான் பயன் தரும்.

இரண்டாம் படி: தலைப்பின் இலக்கணம்

'லாரி மோதி இருவர் பலி' என்று தமிழில் படிக்கும்போது வினைமுற்று எங்கே என்று நாம் கேட்பதில்லை. 'முதல்வர் நாளை கோவை பயணம்' என்றாலும் புரிகிறது. ஆங்கிலத் தலைப்பும் இப்படித்தான் தேவையற்றதைக் கழித்துவிடும். 'எ', 'ஆன்', 'தி' மூன்றும் போய்விடும். 'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்' பெரும்பாலும் போய்விடும். நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் எழுதுவார்கள்: 'கோர்ட் ரிஜெக்ட்ஸ் பிளீ' என்றால் நீதிமன்றம் மனுவை நேற்றே தள்ளுபடி செய்துவிட்டது. நடக்கப்போவதற்கு 'டு' போதும்: 'பிஎம் டு விசிட் ஜப்பான்' என்றால் பிரதமர் ஜப்பான் செல்ல இருக்கிறார். இரண்டு பெயர்களுக்கு நடுவே காற்புள்ளி வந்தால் அதை 'உம்' என்று படியுங்கள். 'இந்தியா, ஜப்பான் சைன் பாக்ட்': இந்தியாவும் ஜப்பானும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

அதிகம் பேர் தடுமாறும் இடம் செயப்பாட்டு வினை. 'டூ ஹெல்ட் ஃபார் செயின் ஸ்நாட்சிங்' என்ற தலைப்பை என்னிடம் படிக்கும் மாணவி ஒருவர் 'இருவர் பிடித்துக்கொண்டார்கள்' என்று மொழிபெயர்த்தார். 'ஹெல்ட்' என்பதற்கு முன்னால் 'வேர்' மறைந்திருக்கிறது என்று காட்டியவுடன் 'சங்கிலிப் பறிப்பில் இருவர் கைது' என்று அவரே சொல்லிவிட்டார். இறந்தகால வடிவம்போல ஒன்று தலைப்பில் வந்தால், 'பட்டார், பட்டது' சேர்த்துப் பாருங்கள். 'கில்டு', 'அரெஸ்டெட்', 'சாக்டு', 'ஷிஃப்டெட்' எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான்.

மேற்கோள் குறிக்குள் ஒரு சொல் தனியாக நின்றால் அது நாளிதழின் கூற்று ஆகாது. வேறு யாரோ சொன்னது, அதற்கு நாங்கள் பொறுப்பேற்கவில்லை என்று பொருள்.

மூன்றாம் படி: தலைப்புக்கென்றே உள்ள குட்டிச் சொற்கள்

நாளிதழின் பத்தி குறுகலானது, எழுத்து பெரியது. 'இன்வெஸ்டிகேஷன்' என்று ஆங்கிலத்தில் எழுத 13 எழுத்துகள் வேண்டும். 'புரோப்' என்பதற்கு ஐந்து போதும். இந்த இட நெருக்கடிதான் ஒரு தனிச் சொற்கூட்டத்தையே வளர்த்திருக்கிறது. பேச்சில் இவற்றை அதிகம் கேட்க மாட்டீர்கள். நாற்பது ஐம்பது சொற்கள்தான். இவற்றை மட்டும் மனப்பாடமே செய்துவிடுங்கள் என்பது என் கட்சி.

'புரோப்' விசாரணை. 'நாட்' என்றால் தலையாட்டல். தலைப்பில் அது ஒப்புதல். 'ஹைக்' உயர்வு, 'கர்ப்' கட்டுப்பாடு, 'பிளீ' மனு அல்லது வேண்டுகோள், 'ஸ்டிர்' போராட்டம், 'சாப்ஸ்' சலுகைகள், 'போல்' தேர்தல், 'டோல்' பலி எண்ணிக்கை. 'பிட்' என்பது ஏலத்தில் கேட்பது மட்டுமல்ல. தலைப்பில் எந்த முயற்சியும் 'பிட்'தான். 'மல்' என்றால் ஆலோசித்தல். 'ஐ' என்ற கண், வினையாகி, ஒன்றைக் குறிவைப்பதாகிவிடும். 'ஆக்ஸ்' என்ற கோடரி பதவிநீக்கமாகும், நிதிவெட்டாகும். காவல்துறை ஒருவரை 'குவிஸ்' செய்தது என்றால் வினாடி வினா நடத்தவில்லை, துருவித் துருவி விசாரித்தது. ஒரு சொல்லில் மட்டும் உச்சரிப்பைக் கவனியுங்கள்: அதே எழுத்துக்கூட்டலில் 'ரோ' என்றால் வரிசை, 'ரௌ' என்று உச்சரித்தால் சர்ச்சை. தலைப்பில் வருவது பெரும்பாலும் சர்ச்சைதான்.

நான்காம் படி: நீண்ட சொல்லை வெட்டுதல்

இதில்தான் உண்மையான சுவை இருக்கிறது. இங்கே அவசரப்பட வேண்டாம்.

2016 நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் முதல் ஆங்கில ஏடுகளில் ஒரு சொல் விடாமல் வந்தது: 'டிமானிடைசேஷன்'. பார்த்தாலே மூச்சு முட்டும் சொல். இதைக் கடைசியிலிருந்து வெட்டுங்கள். 'ஏஷன்' என்பது தொழிற்பெயர் விகுதி. அதை எடுத்தால் 'டிமானிடைஸ்'. இதில் 'ஐஸ்' என்பது ஆக்குதலைக் குறிக்கும். முன்னால் நிற்கும் 'டி' நீக்குதல். நடுவில் மிஞ்சுவது 'மானிட்'. நாணயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பகுதி. 'மனி', 'மானிட்டரி' எல்லாம் இதன் உறவுக்காரர்கள். ஆக, பணமாக இருப்பதை நீக்குதல். தமிழ் ஏடுகள் உருவாக்கிய 'பணமதிப்பிழப்பு' என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பணம், மதிப்பு, இழப்பு; அந்த 'இழப்பு'க்குள் 'இழ' பகுதி, 'ப்' சந்தி, 'பு' விகுதி. இரண்டு மொழியும் ஒரே வேலையைத் தத்தம் முறையில் செய்திருக்கின்றன. அதே நாட்களில் ஆங்கிலத் தலைப்புகளில் இந்த நீண்ட சொல்லுக்கு இடம் போதாமல் 'நோட் பேன்' என்று எழுதினார்கள். செய்தியில் ஐந்து அசையும் ஆறு அசையும் உள்ள சொற்கள், தலைப்பில் ஓரசைச் சொற்கள். இரண்டு ஆங்கிலங்கள் என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்.

இப்படி வெட்டப் பழகியவருக்கு 'பிரைவடைசேஷன்', 'நேஷனலைசேஷன்', 'டிஜிடைசேஷன்' எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அடுத்து, பகுதிகளைச் சேகரியுங்கள். 'ரப்ட்' என்று ஒன்று இருக்கிறது. லத்தீனில் உடைந்தது என்று பொருள். 'கரப்ட்', 'பேங்க்ரப்ட்', 'டிஸ்ரப்ட்', 'இன்டரப்ட்', 'இரப்ட்' என்று ஒரு வாரத்து நாளிதழில் இந்த ஐந்தையும் பார்த்துவிடலாம். ஊழலில் உடைவது நேர்மை. எரிமலையில் உடைவது நிலம். திவாலானதைக் குறிக்கும் 'பேங்க்ரப்ட்' இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. உடைந்த பலகை என்று பொருள். அந்தக் காலத்தில் பணம் மாற்றுபவர் பலகை போட்டு உட்கார்ந்து தொழில் செய்தார். இன்னொரு பகுதி 'டிக்ட்', அதாவது சொல்லுதல். 'வெர்டிக்ட்' என்றால் உண்மை உரைத்தல், அதனால் தீர்ப்பு. 'பிரிடிக்ட்' முன்கூட்டிச் சொல்லுதல். 'கான்ட்ரடிக்ட்' எதிர்த்துச் சொல்லுதல். இதே குடும்பத்தில் குற்றம் சாட்டுவதைக் குறிக்கும் 'இன்டைட்' மட்டும் எழுத்தில் 'க்' ஒலிக்குரிய எழுத்தை வைத்துக்கொண்டு உச்சரிப்பில் விழுங்கிவிடும்.

நோட்டுப் புத்தகத்தில் சொற்களை அகரவரிசையில் எழுதாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு பகுதி என்று வைத்து, தலையில் 'ரப்ட்' என்று எழுதிவிட்டு, அதன் சொற்களைத் தென்படும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போங்கள். என் மாணவர்களின் நோட்டுகளில் ஆறு மாதத்தில் முப்பது பக்கங்கள் நிறைந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு அவர்கள் அகராதியைத் தேடுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

விகுதிகளில் 'அர்', 'ஈ' இரண்டின் உறவைப் பிடித்துக்கொள்ளுங்கள். செய்பவர் 'அர்', செய்யப்படுபவர் 'ஈ'. 'எம்பிளாயர்' வேலை தருபவர், 'எம்பிளாயீ' வேலை பெறுபவர். கடிதத்தில் அனுப்புநர், பெறுநர் என்று எழுதுகிறோமே, அந்த இணையைப் போன்றது. 'டீடெய்னீ' தடுத்து வைக்கப்பட்டவர், 'நாமினீ' நியமிக்கப்பட்டவர். தப்பி ஓடியவரை 'எஸ்கேப்பீ' என்பது மட்டும் இந்த விதிக்குள் அடங்காது.

முன்னொட்டுகள் சில சமயம் ஏமாற்றும். 'இன்' என்றால் இல்லை என்று நினைத்து 'இன்ஃபிளேமபிள்' என்பதைத் தீப்பிடிக்காதது என்று எழுதினால் ஆபத்து. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. 'மிஸ்இன்ஃபர்மேஷன்' தவறான தகவல். 'டிஸ்இன்ஃபர்மேஷன்' தவறென்று தெரிந்தே பரப்புவது. ஒரு சொல்லே இரண்டு எதிர்ப்பொருள் தருவதும் உண்டு. 'சாங்ஷன்' என்றால் ஒரு பக்கத்தில் அனுமதி, இன்னொரு பக்கத்தில் தடை. இந்தியாவிலும் பிரிட்டனிலும் மசோதாவை 'டேபிள்' செய்தார்கள் என்றால் அவையில் வைத்தார்கள். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு ஒத்திப்போட்டார்கள் என்று பொருள். எந்த ஊர்ப் பத்திரிகை என்று பார்க்காமல் பொருள் கொள்ளக் கூடாது.

ஐந்தாம் படி: தொகைகளை விரித்தல்

'ஸ்கூல் பஸ் டிரைவர் லைசென்ஸ் செக்' என்று ஐந்து பெயர்ச்சொற்களை வரிசையாக அடுக்கிவிடுவார்கள். நடுவே ஒரு வேற்றுமை உருபோ இடைச்சொல்லோ இருக்காது. ஐரோப்பிய மொழிக்காரர்கள் பலர் இதைப் பார்த்துத் திணறுவார்கள். நமக்குத் திணறவேண்டிய காரணமே இல்லை. 'பள்ளிப் பேருந்து ஓட்டுநர் உரிமச் சோதனை' என்று அதே வரிசையில் சொல்லிப் பாருங்கள். வேற்றுமைத் தொகையில் பழகிய காது இது. விதி ஒன்றுதான்: கடைசிச் சொல்லைப் பிடியுங்கள், செய்தி அதைப் பற்றியது, முன்னால் நிற்பவை எல்லாம் அதற்கு அடைமொழி.

தொகை எங்கே முடிகிறது, வினை எங்கே தொடங்குகிறது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே வடிவம் பெயராகவும் வினையாகவும் நிற்கும். 2009இல் ஒரு தலைப்பு வந்தது: 'வயலினிஸ்ட் லிங்க்டு டு ஜேஏஎல் கிராஷ் பிளாசம்ஸ்'. 'கிராஷ் பிளாசம்ஸ்' என்பதைத் தொகையாகப் படித்தவர்கள் இது என்ன விபத்துப் பூக்கள் என்று குழம்பினார்கள். 'பிளாசம்ஸ்' அங்கே வினை. 1985ஆம் ஆண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமான விபத்தில் தந்தையை இழந்த வயலின் கலைஞர் ஒருவர் இசையில் மலர்ச்சி பெறுகிறார் என்பதுதான் செய்தி. இப்படி மயக்கம் தரும் தலைப்புகளுக்கு அன்று முதல் 'கிராஷ் பிளாசம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு தலைப்பு அபத்தமாகத் தோன்றினால், கடைசிச் சொல்லை வினையாக மாற்றிப் படித்துப் பாருங்கள்.

'டவுனிங் ஸ்ட்ரீட்' (பிரிட்டிஷ் பிரதமர் அலுவலகம்) மறுத்தது, 'கிரெம்ளின்' (ரஷ்ய அரசு) எச்சரித்தது என்று வருவதெல்லாம் இடவாகுபெயர். 'கோட்டை வட்டாரம்' என்று நாம் தலைமைச் செயலகத்தைச் சொல்வதுபோலத்தான்.

ஆறாம் படி: ஒட்டியும் வெட்டியும் பிறந்த சொற்கள்

தஞ்சாவூர் தஞ்சையாவதும் கோயம்புத்தூர் கோவையாவதும் நமக்கு மரூஉ. ஆங்கிலமும் சொல்லைச் சுருக்கிப் புழங்கும். 'இன்ஃபுளுயன்ஸா'வின் நடுத்துண்டு 'ஃபுளூ'. நாம் ஏறிப்போகும் பஸ், 'ஆம்னிபஸ்' என்பதன் வால்துண்டு; முழுச்சொல்லுக்கு எல்லோருக்குமானது என்று பொருள். இரண்டு சொல்லின் துண்டுகள் ஒட்டினால் 'பிரெக்ஸிட்': பிரிட்டன், 'எக்ஸிட்', அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறுதல். 2012இல், கிரீஸுக்காக உருவான 'கிரெக்ஸிட்' என்ற சொல்லைப் பார்த்து அதே ஆண்டில் பிறந்த தம்பி அது. பிறகு அதுவே பகுதியாகி, வெளியேற வேண்டும் என்பவரைக் குறிக்க 'பிரெக்ஸிட்டியர்' என்று விகுதியும் ஏற்றுக்கொண்டது.

துண்டு ஒன்று புது விகுதியாகவே மாறிய கதையும் உண்டு. 1972 ஜூனில் வாஷிங்டனில் 'வாட்டர்கேட்' கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐவர் பிடிபட்டார்கள். அந்த விவகாரம் வளர்ந்து 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் பதவி விலகினார். அதற்குப் பிறகு 'கேட்' என்று முடிந்தாலே அது ஊழல் அல்லது முறைகேடு. 2018இல் கேப் டவுனில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள் உப்புத்தாளால் பந்தைத் தேய்த்தபோது 'சாண்ட்பேப்பர்கேட்'. கொரோனா ஊரடங்கின்போது பிரிட்டிஷ் பிரதமர் இல்லத்தில் நடந்த விருந்துகளுக்கு 'பார்ட்டிகேட்'. இதில் கதவுமில்லை, வாசலுமில்லை.

நம் ஊர் ஆங்கில ஏடுகளைப் படிக்கும்போது நம் சொற்களே வேடமிட்டு எதிரில் வரும். 'கிராண்ட் ஆனிகட்' கல்லணை. அணைக்கட்டு என்பதுதான் 'ஆனிகட்' ஆகியிருக்கிறது. 'பொரம்போக்' என்பது புறம்போக்கு. வட இந்திய மொழிகளிலிருந்து வந்த 'தர்ணா', 'பந்த்' போன்றவற்றோடு, 'லத்திசார்ஜ்டு', 'கெராவோட்' (முற்றுகையிடப்பட்டார்) என்று ஆங்கில விகுதி பூட்டிக்கொண்டவையும் உண்டு. 'சார்ஜ்ஷீட்டெட்' என்றால் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டவர். லண்டனில் அச்சாகும் ஏட்டில் இவற்றைத் தேடாதீர்கள். அங்கே லட்சமும் கோடியும் கூட இருக்காது. ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: யார் சொன்னது, எப்படிச் சொன்னார்

மேசையில் சேர்ந்த புதிதில், ஒரு மோசடி வழக்குச் செய்தியை மொழிபெயர்த்தேன். மூலத்தில் இருந்த 'அலெஜ்ட்லி' என்ற சொல்லை, வாக்கியத்தின் ஓட்டத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். 'பணத்தைக் கையாடல் செய்தார்' என்று எழுதினேன். படிதிருத்தும் மூத்தவர் என் தாளைக் கையில் எடுத்து, 'செய்தார்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் 'செய்ததாகக் கூறப்படுகிறது' என்று எழுதித் திருப்பித் தந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. குற்றம் சாட்டப்பட்ட அந்த மனிதருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள் என்று அன்று இரவு தோன்றியது. வழக்கு அப்போது விசாரணைக்குக்கூட வரவில்லை.

அதனால் இந்தச் சொற்களை மட்டும் ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். 'செட்' என்றால் சொன்னார், அவ்வளவே. 'கிளெய்ம்டு' என்றால் சொல்கிறார், நாங்கள் உறுதிசெய்யவில்லை. 'அலெஜ்டு' குற்றச்சாட்டு. 'அட்மிட்டெட்' ஒப்புக்கொண்டார். 'டினைட்' மறுத்தார். 'ரெஃப்யூட்டெட்' என்பதை வெறும் மறுப்பாக இப்போது பலர் எழுதினாலும், அதன் கறாரான பொருள் பொய்யென்று நிரூபித்தார் என்பது. 'அக்யூஸ்டு' குற்றம் சாட்டப்பட்டவர், 'கன்விக்ட்' தண்டனைத் தீர்ப்புப் பெற்றவர். தமிழில் இரண்டுக்கும் 'குற்றவாளி' என்று எழுதுவதை இன்றும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

இனி ஒரு தலைப்பை முழுதாக வெட்டிப் பார்ப்போம்

பயிற்சிக்காக நானே எழுதியது: 'ஹெச்சி ஸ்டேஸ் பொரம்போக் லேண்ட் எவிக்‌ஷன் டிரைவ்'.

'ஹெச்சி' என்பது 'ஹை கோர்ட்'டின் முதலெழுத்துகள். அதற்கு முன் நிற்க வேண்டிய 'தி' கழிந்துபோயிற்று. 'ஸ்டேஸ்' என்றால் தங்குகிறது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நீதிமன்றம் எங்கே தங்கும்? இங்கே அது நிறுத்திவைத்தல். நாம் பேச்சில் 'ஸ்டே வாங்கினார்' என்கிறோமே, அதன் வினைவடிவம். நிகழ்காலமாகத் தெரிந்தாலும் நடந்து முடிந்தது. அடுத்து நான்கு பெயர்ச்சொற்களின் தொகை. கடைசிச் சொல் 'டிரைவ்'. வண்டி ஓட்டுவதும் அதுதான், தீவிர நடவடிக்கையும் அதுதான், இங்கே நடவடிக்கை. என்ன நடவடிக்கை? 'எவிக்ட்' பகுதி, 'அன்' ஒலியில் முடியும் தொழிற்பெயர் விகுதி: வெளியேற்றுதல். எங்கிருந்து? 'பொரம்போக் லேண்ட்', நம் புறம்போக்கு நிலம்.

புறம்போக்கு நிலத்தில் இருப்பவர்களை வெளியேற்றும் நடவடிக்கைக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எத்தனை குடும்பங்கள், எந்த ஊர், தடை எந்தத் தேதிவரை என்பதற்கு முதல் பத்திக்குப் போங்கள்.